பழைய வீடியோ கசற்றுகளை இறுவட்டுக்கு மாற்றுதல்: சரவணையிலும் புலத்திலும் உள்ள குடும்பங்களுக்கு ஒரு கைநூல்

சரவணை, நாரந்தனை, புளியங்கூடல், வேலணை என்று தீவக ஊர்களைச் சேர்ந்த பல குடும்பங்களிடம் இன்றும் ஓரிரு வீடியோ கசற்றுகள் இருக்கின்றன. சில ஊர் வீட்டு றங்குப் பெட்டியில் இருக்கும். சில வெள்ளவத்தை மாடிவீட்டு அலுமாரியில் இருக்கும். இன்னும் சில ரொறன்ரோவிலோ பரிசிலோ யாரோ ஓர் உறவினர் வீட்டு நிலக்கீழ் அறையில் அட்டைப் பெட்டிக்குள் கிடக்கும். கலியாணவீடு, சாமத்தியவீடு, கோயில் திருவிழா, பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டி, செத்தவீடு என்று அவற்றில் இருப்பவை சாதாரண நிகழ்வுகள்தான். ஆனால் அதில் வாழை கட்டியவரும், பந்தியில் சோறு பரிமாறியவரும், கமராவைக் கண்டு வெட்கப்பட்டு ஓடிய பிள்ளையும் இன்று உயிரோடு இல்லாமல் இருக்கலாம். எங்கே என்று தெரியாதவராகவும் இருக்கலாம்.

புகைப்படத்தில் முகம் இருக்கும், குரல் இருக்காது. ஒருவர் நடந்த விதம், சிரித்த விதம், ஆட்களைக் கூப்பிட்ட விதம் எல்லாம் அந்த நாடாவில் மட்டுமே இருக்கின்றன. அந்த நாடாவுக்கு வயது போய்விட்டது. அதை ஓட்டும் டெக்கும் கிடைப்பது அரிதாகிவிட்டது. கைவசம் உள்ள கசற்றை எப்படிப் பரிசோதிப்பது, தனித்து இயங்கும் டிவிடி பதிவுக்கருவியைக் கொண்டு எப்படி இறுவட்டுக்கு மாற்றுவது, அதன்பின் எப்படிப் பாதுகாப்பது என்பதை இக்கட்டுரை படிப்படியாகச் சொல்கிறது. கணினி தெரியாதவர்களும் இதைச் செய்யலாம்.

கசற் வந்த வழியும் போன வழியும்

இலங்கையில் தொலைக்காட்சி ஒளிபரப்பு 1979 இல் தொடங்கியது. ரூபவாஹினி 1982 பெப்ரவரியில் வந்தது. அதே காலத்தில் மத்திய கிழக்குக்கு வேலைக்குப் போனவர்கள் ரிவியும் டெக்கும் கொண்டுவரத் தொடங்கினர். ரிவி, டெக், ஜெனரேற்றர் மூன்றையும் வாடகைக்கு எடுத்து முற்றத்தில் இரவிரவாகப் படம் பார்த்த காலம் அது. கலியாணவீடுகளுக்கு வீடியோ எடுக்கும் வழக்கமும் அப்போதுதான் பரவியது. 1983 இன் பின் பிள்ளைகள் வெளிநாடுகளுக்குப் போகப் போக, கசற் ஒரு கடிதம் போலவும் ஆனது. ஊரில் நடந்த கலியாணம் கனடாவுக்குப் போனது, கனடாவில் நடந்த பிறந்தநாள் ஊருக்கு வந்தது.

1990 ஜூனில் போர் மீண்டும் தொடங்கியபின் குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றது. அவ்வாண்டு ஓகஸ்டில் இராணுவம் தீவகத்தில் நடவடிக்கையைத் தொடங்க, மக்களிற் பெரும்பாலானோர் வீடுகளை விட்டுப் பண்ணைப் பாலத்துக்கு அப்பால் இடம்பெயர்ந்தனர். 1995 ஒக்ரோபர் 30 அன்று வலிகாமத்திலிருந்து இன்னொரு பெரும் இடப்பெயர்வு. வன்னிக்குப் போனவர்களுக்கு 2009 மே வரை ஓட்டம் நிற்கவில்லை. காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ், நகை, படிப்புச் சான்றிதழ் ஆகியவற்றைத் தூக்கிக்கொண்டு ஓடியவர்களிற் சிலர் கசற்றையும் சேர்த்துத் தூக்கினர். சிலர் சோதனைச் சாவடிக்குப் பயந்து எரித்தனர், சிலர் புதைத்தனர். இன்று மிஞ்சியிருக்கும் ஒவ்வொரு கசற்றும் இவ்வளவையும் கடந்து வந்தது.

ஏன் இனித் தள்ளிப்போட முடியாது

வீடியோ நாடா என்பது மெல்லிய பொலியெஸ்ரர் பட்டி. அதன் மேல் இரும்பு ஒக்சைட்டுத் துகள்கள் ஒருவகைப் பசையினால் ஒட்டப்பட்டிருக்கும். படமும் ஒலியும் அந்தத் துகள்களின் காந்தத் தன்மையில் பதிவாகியுள்ளன. ஈரமும் வெப்பமும் சேர்ந்தால் பசை சிதைகிறது. நாடா ஒட்டும் தன்மை பெறும், அல்லது துகள் உதிரும். கடற்காற்றும் மாரி ஈரமும் உள்ள தீவகத்தில் பூஞ்சணமும் பிடிக்கும்.

இரண்டாவது சிக்கல் கருவி. விஎச்எஸ் டெக்குகளைக் கடைசியாகத் தயாரித்துவந்த யப்பானிய நிறுவனமான ஃபுனாய் 2016 ஜூலையில் உற்பத்தியை நிறுத்தியது. இனி உலகில் இருப்பவை பழைய டெக்குகள் மட்டுமே. அவற்றின் தலைப்பகுதி தேய்ந்தால் மாற்று உதிரி இல்லை. அவுஸ்திரேலியாவின் தேசிய திரைப்பட, ஒலி ஆவணக் காப்பகம் 2025 ஐக் காந்த நாடாக்களுக்கான கடைசிக் கெடுவாகப் பல ஆண்டுகளுக்கு முன்னரே அறிவித்தது. யுனெஸ்கோவும் ஒலி, ஒளி ஆவணக் காப்பகங்களின் சர்வதேசச் சங்கமும் சேர்ந்து 2020 இல் வெளியிட்ட அறிக்கையும் இதே எச்சரிக்கையைத் தந்தது. அந்தக் கெடுவுக்குப் பின் நாடா உடனே செத்துவிடும் என்று இதற்குப் பொருளில்லை. ஓட்டிப் பார்க்கக் கருவியும் திருத்தத் தெரிந்தவரும் கிடைப்பது ஆண்டுக்கு ஆண்டு கடினமாகும் என்பதே பொருள்.

முதல் வேலை: என்ன கசற், எந்த நாட்டு முறை

பெரிய கறுப்புக் கசற் பெரும்பாலும் விஎச்எஸ். நாடாவின் அகலம் அரை அங்குலம். அதைவிடச் சற்றுச் சிறிதாக இருந்தால் பீற்றாமக்ஸ் ஆக இருக்கலாம். அதை விஎச்எஸ் டெக்கில் போட முடியாது. தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய கசற்றுகள் வெளிநாட்டு உறவுகளின் கைக்கமராக்களில் எடுக்கப்பட்டவை. அவற்றில் விஎச்எஸ்-சி எனும் வகையை ஓர் உறைக்குள் வைத்து விஎச்எஸ் டெக்கில் ஓட்டலாம். 8 மில்லிமீற்றர் கசற்றுக்கும் மினி டிவி கசற்றுக்கும் அந்தந்தக் கமராவே வேண்டும். "8 மில்லிமீற்றருக்கு உறை இருக்கிறது" என்று யாராவது விற்க வந்தால் வாங்க வேண்டாம். அப்படி ஒன்று கிடையாது.

அடுத்தது நாட்டு முறை. நம்மவர்களின் கசற்றுகளில் அதிகம் குழப்பம் தருவது இதுதான். இலங்கை, இந்தியா, பிரித்தானியா, ஜேர்மனி, சுவிற்சர்லாந்து, நோர்வே, அவுஸ்திரேலியா ஆகிய நாடுகளில் 'பால்' எனப்படும் முறை இருந்தது. அதில் செக்கனுக்கு 25 படங்கள், 625 கோடுகள். கனடாவிலும் அமெரிக்காவிலும் 'என்ரிஎஸ்சி' முறை. அதில் செக்கனுக்கு ஏறக்குறைய 30 படங்கள், 525 கோடுகள். பிரான்சில் 'செக்காம்' முறை. படம் கறுப்பு வெள்ளையாக மட்டும் தெரிந்தால் கசற் பழுது என்று எறிந்துவிடாதீர்கள். செக்காம் கசற்றைப் பால் டெக்கில் ஓட்டினால் அப்படித்தான் தெரியும். படம் மேலும் கீழுமாக உருண்டால், அல்லது ஓட்டம் பொருந்தாமல் இருந்தால் அது கனடாக் கசற்றாக இருக்கலாம்.

கசற்றின் மேல் ஈ-180 என்று இருந்தால் பால் முறையில் 180 நிமிடம் என்றும், ரி-120 என்று இருந்தால் என்ரிஎஸ்சி முறையில் 120 நிமிடம் என்றும் கணக்கு. ஆனால் இது வெற்று நாடாவின் நீளத்தை மட்டுமே காட்டும். எந்த முறையில் பதிவாகியுள்ளது என்பது பதிவு செய்த கருவியைப் பொறுத்தது. ஆகவே கசற் எந்த நாட்டில் எடுக்கப்பட்டது என்று வீட்டில் மூத்தவர்களிடம் கேட்டுக் குறித்துவையுங்கள்.

எல்லா முறையும் ஓட்டும் டெக் என்று விற்கப்பட்டவற்றிலும் ஒரு வில்லங்கம் உண்டு. அவற்றிற் பல, என்ரிஎஸ்சி கசற்றைப் பால் ரிவியில் பார்ப்பதற்காக ஓர் இடைக்கலவைச் சமிக்ஞையைத் தரும். ரிவியில் படம் அழகாகத் தெரியும், ஆனால் டிவிடி பதிவுக்கருவி அதை ஏற்காது, அல்லது குழப்பமாகப் பதியும். கனடாக் கசற்றைக் கனடாவில் உள்ள உறவினரைக் கொண்டும், ஊர்க் கசற்றை ஊரிலோ கொழும்பிலோ ஐரோப்பாவிலோ வைத்தும் மாற்றுவதுதான் சுகமான வழி. கனடாவிலிருந்து கொண்டுவந்த டெக்கை இங்குள்ள மின்சாரத்தில் நேரே செருக வேண்டாம். அது 120 வோல்ற்றுக்குச் செய்தது, இங்கு 230 வோல்ற். இடையில் மின்மாற்றி இல்லாவிட்டால் டெக் எரிந்துபோகும்.

ஓட்டுவதற்கு முன் பார்க்க வேண்டியவை

கசற்றை எடுத்தவுடன் டெக்குக்குள் தள்ளாதீர்கள். நல்ல வெளிச்சத்தில் அதன் கண்ணாடி வழியே நாடாச் சுருளைப் பாருங்கள். சுருளின் பக்கத்தில் வெள்ளையாக, மாப்பொடி தூவியது போல் இருந்தால் அது பூஞ்சணம். அதை ஓட்டினால் நாடாவும் கெடும், டெக்கும் கெடும், அடுத்துப் போடும் கசற்றுக்கும் தொற்றும். அப்படிப்பட்டதைக் கடதாசிப் பையில் தனியாக வைத்து, ஈரமில்லாத இடத்தில் உலரவிட்டு, அனுபவமுள்ளவரிடம் கொடுங்கள். வெயிலில் காயவைக்க வேண்டாம், வெப்பம் நாடாவைக் கோணலாக்கும். திறந்து பார்ப்பதானால் வாய், மூக்கை மூடிக்கொண்டு வீட்டுக்கு வெளியே வைத்துப் பாருங்கள்.

கசற்றின் முதுகு விளிம்பில் ஒரு சிறிய பிளாஸ்ரிக் தட்டு இருக்கும். அதை உடைத்துவிடுங்கள். அதன்பின் டெக்கில் தவறுதலாகப் பதிவுப் பொத்தானை அழுத்தினாலும் பழைய படம் அழியாது. ஏற்கெனவே உடைத்த இடத்தை யாரும் ஒட்டுத்தாள் போட்டு மறைத்திருந்தால் அந்தத் தாளை உரித்துவிடுங்கள்.

கசற்றின் உறை வெடித்திருந்தால் பயப்பட வேண்டாம். அடிப்பக்கத்தில் ஐந்து ஆணிகள் இருக்கும். அவற்றைக் கழற்றி, நாடா போகும் பாதையைக் கைபேசியில் படமெடுத்துவைத்து, இரண்டு சுருள்களையும் இன்னொரு கசற்றின் உறைக்குள் மாற்றலாம். நாடா அறுந்திருந்தால் சாதாரண செலோரேப் போட்டு ஒட்டக் கூடாது. அதன் பசை கசிந்து டெக்கின் தலையில் ஒட்டும். நாடா ஒட்டுவதற்கென்றே உள்ள பட்டியைப் பின்பக்கத்தில் மட்டும் ஒட்ட வேண்டும். இந்த வேலைகளை முதலில் தேவையில்லாத ஒரு படக் கசற்றில் செய்து கைபழகுங்கள்.

நாடா நலமாகத் தெரிந்தால் ஒருநாள் அறையில் வைத்துவிட்டு, ஒருமுறை கடைசிவரை முன்னோட்டிப் பின்னோட்டுங்கள். பல ஆண்டுகள் ஒரே நிலையில் கிடந்த சுருள் அதனால் சீராகும். கீச்சிடும் சத்தம் கேட்டாலோ, ஓட்டம் இழுபட்டாலோ உடனே நிறுத்துங்கள். நாடா ஒட்டத் தொடங்கிவிட்டது என்பதன் அறிகுறி அது. பலவந்தமாக ஓட்டினால் துகள் உரிந்து, படம் நிரந்தரமாகப் போய்விடும்.

டெக்கைத் தயார்படுத்தல்

பல ஆண்டுகள் சும்மா கிடந்த டெக்கில் முதலில் போட வேண்டியது அம்மாவின் கலியாணக் கசற் அல்ல. பழைய சினிமாக் கசற் ஒன்றைப் போட்டுப் பாருங்கள். அது நாடாவைச் சப்பாமல், சுருக்காமல் ஓட்டினால்தான் அடுத்த கட்டம். படத்தில் புள்ளி புள்ளியாக, மழை பெய்வதுபோல் இருந்தால் தலைப்பகுதி அழுக்காக இருக்கும். அதை ஐசோபுரோப்பைல் அல்ககோலும் மெல்லிய தோல் துண்டும் கொண்டு துடைக்க வேண்டும். உருளையைக் கையால் மெல்லச் சுழற்றிப் பக்கவாட்டில் துடைக்க வேண்டும், மேலும் கீழுமாகத் துடைத்தால் தலை உடையும். பஞ்சு பாவிக்கக் கூடாது, அதன் நார் சிக்கும். பழக்கமில்லாதவர்கள் பழைய ரிவி, ரேடியோ திருத்துபவர் ஒருவரிடம் கொடுப்பதே நல்லது.

இணைப்பும் பதிவும்

தனித்து இயங்கும் டிவிடி பதிவுக்கருவி பார்வைக்கு டிவிடி பிளேயர் போலவே இருக்கும். ஆனால் அது வெற்று இறுவட்டில் பதியும். இப்போது கடைகளில் புதிதாகக் கிடைப்பது அரிது. புலம்பெயர் நாடுகளில் பாவித்த பொருட்கள் விற்கும் இடங்களில் கிடைக்கும். டெக்கும் பதிவுக்கருவியும் ஒரே பெட்டியில் உள்ள கருவி கிடைத்தால் வயர் வேலையே இல்லை. உள்ளே வன்தட்டு உள்ள கருவி இன்னும் நல்லது. முதலில் வன்தட்டில் பதிந்து, தேவையில்லாததை வெட்டி, பிறகு எத்தனை பிரதி வேண்டுமானாலும் எடுக்கலாம்.

இரண்டு தனிக் கருவிகள் என்றால் செய்ய வேண்டியவை இவை:

1. டெக்கின் பின்புறத்தில் 'வெளியே' என்ற பொருள்படும் துளைகளிலிருந்து பதிவுக்கருவியின் 'உள்ளே' என்ற துளைகளுக்கு மூன்று வயர்களைக் கொடுங்கள். மஞ்சள் படம், வெள்ளை இடப்பக்க ஒலி, சிவப்பு வலப்பக்க ஒலி. பழைய டெக்கில் ஒலிக்கு ஒரே துளைதான் என்றால், ஒன்றை இரண்டாகப் பிரிக்கும் வயர் வாங்குங்கள்.

2. பதிவுக்கருவியை ரிவியோடு இணையுங்கள். பதிவாவதைப் பதிவுக்கருவியின் வழியாகவே பார்க்க வேண்டும்.

3. பதிவுக்கருவியின் ரிமோட்டில் உள்வரும் வழியைத் தேர்ந்தெடுங்கள். அது ஏவி1, ஏவி2 என்றோ எல்1, எல்2 என்றோ இருக்கும்.

4. டெக்கின் திரை எழுத்துகளை நிறுத்துங்கள். இல்லாவிட்டால் 'பிளே' என்ற சொல்லும் நேர எண்ணும் இறுவட்டில் என்றைக்கும் இருக்கும். நீலத் திரை வரும் அமைப்பையும் நிறுத்துங்கள்.

5. கசற்றை ஓட்டி, 'ற்ராக்கிங்' பொத்தானைக் கொண்டு படம் தெளிவாகும்வரை சரிசெய்யுங்கள். பிறகு கசற்றைத் தொடக்கத்துக்குக் கொண்டுவாருங்கள்.

6. தர நிலையைத் தெரிவுசெய்யுங்கள். 4.7 கிகாபைற் இறுவட்டில் எக்ஸ்பி நிலையில் 1 மணித்தியாலம், எஸ்பி நிலையில் 2 மணித்தியாலம், எல்பி நிலையில் 4 மணித்தியாலம் பதியும். எல்பியும் அதற்குக் கீழும் முகங்களைச் சிதைக்கும். மூன்று மணித்தியாலக் கசற்றை ஒரே இறுவட்டில் அடைக்க ஆசைப்படாமல், தாலிகட்டு முடிந்த இடம், பந்தி தொடங்கும் இடம் என்று பிரித்து இரண்டில் பதியுங்கள்.

7. முதலில் மீளப் பதியக்கூடிய ஆர்டபிள்யூ இறுவட்டில் ஐந்து நிமிடம் சோதனையாகப் பதிந்து, படமும் ஒலியும் வருகின்றனவா என்று பாருங்கள்.

8. பிறகு வெற்று டிவிடி-ஆர் இறுவட்டைப் போட்டு, பதிவுக்கருவியில் பதிவை அழுத்தி, டெக்கில் ஓட்டத்தை அழுத்துங்கள். மூன்று மணித்தியாலக் கசற்றுக்கு மூன்று மணித்தியாலம் ஆகும். குறுக்கு வழியில்லை.

9. முடிந்ததும் 'ஃபைனலைஸ்' என்ற கட்டளையைக் கொடுங்கள். அதைச் செய்யாத இறுவட்டு வேறு பிளேயரிலோ கணினியிலோ பெரும்பாலும் ஓடாது. பலர் தவறவிடும் படி இது.

பதிவின் நடுவிலோ ஃபைனலைஸ் செய்யும்போதோ மின்சாரம் போனால் அந்த இறுவட்டு வீணாகலாம். யூபிஎஸ் இருந்தால் இரண்டு கருவிகளையும் அதில் கொடுங்கள். இடி மின்னல் நாளில் இந்த வேலை வேண்டாம்.

வரக்கூடிய இடைஞ்சல்கள்

படத்தின் அடிவிளிம்பில் ஒரு மெல்லிய கோடு துடித்துக்கொண்டிருந்தால் அது பழுதல்ல. எல்லா விஎச்எஸ் நாடாவிலும் அது உண்டு. பழைய ரிவிகள் விளிம்பை மறைத்ததால் முன்பு தெரியவில்லை.

படம் நன்றாக இருந்து ஒலி மட்டும் கரகரத்தால், டெக்கின் ஒலி அமைப்பை 'ஹைஃபை' என்பதிலிருந்து 'மோனோ' அல்லது 'நோர்மல்' என்பதற்கு மாற்றிப் பாருங்கள். ஒரே ஒலி நாடாவில் இரண்டு இடங்களில் பதிவாகியிருக்கும். ஒன்று கெட்டாலும் மற்றது தப்பியிருக்கலாம்.

சொந்த வீட்டுக் கசற்றுக்கே 'பிரதிசெய்யத் தடை' என்று காட்டிப் பதிவு நின்றுவிடுவதும் உண்டு. வாங்கிய படக் கசற்றுகளில் பிரதியெடுப்பதைத் தடுக்க ஒரு குழப்பச் சமிக்ஞை வைத்திருப்பார்கள். தேய்ந்த நாடாவின் ஆட்டத்தைக் கருவி அதுவென்று எண்ணிவிடுகிறது. வேறு டெக்கில் ஓட்டிப் பாருங்கள். அதுவும் சரிவராவிட்டால் ஆட்டத்தைச் சீராக்கும் கருவி வைத்திருக்கும் இடத்தில் கொடுக்க வேண்டும்.

பதிவுக்கருவி கிடைக்காதவர்கள் யூஎஸ்பி வழியாகக் கணினியில் பதியும் சிறு கருவியை வாங்கலாம். கசற்றைப் பார்ப்பதும் டெக்கைத் துடைப்பதும் அதற்கும் இதேதான்.

கடையில் கொடுப்பதானால்

வீட்டில் செய்ய முடியாதவர்கள் யாழ்ப்பாணத்திலோ கொழும்பிலோ வெளிநாட்டிலோ ஸ்ரூடியோவில் கொடுக்கலாம். கொடுக்கும் முன் சில கேள்விகளைக் கேளுங்கள். எந்தத் தரத்தில் பதிவீர்கள்? ஒரு மணித்தியாலத்துக்கு ஓர் இறுவட்டா, எல்லாவற்றையும் ஒன்றிலா? இறுவட்டோடு கோப்பாகவும் தருவீர்களா? எங்கள் அனுமதியின்றிப் பாட்டுச் சேர்ப்பது, ஒலியை நீக்குவது, வெட்டுவது எதுவும் செய்ய மாட்டீர்களா? கசற்றைத் திருப்பித் தருவீர்களா? உங்கள் கணினியில் உள்ள பிரதியை அழிப்பீர்களா? கடைசிக் கேள்வி முக்கியமானது. எல்லாக் கசற்றையும் ஒரே தரத்தில் கொடுக்காமல், முதலில் ஒன்றைக் கொடுத்து வேலையைப் பாருங்கள்.

இறுவட்டோடு வேலை முடியாது

இறுவட்டும் சாகும். பதியும் இறுவட்டின் உள்ளே இருப்பது ஒரு சாயப் படலம். வெயில், வெப்பம், ஈரம் மூன்றும் அதைக் கெடுக்கும். மலிவான இறுவட்டு சில ஆண்டுகளிலேயே படிக்க முடியாமல் போவதுண்டு. நம்பகமான தயாரிப்பு வாங்குங்கள். மேலே ஒட்டுத்தாள் ஒட்டாதீர்கள். நடுவிலுள்ள தெளிந்த வளையத்தில் மட்டும், இறுவட்டுக்கென்று உள்ள பேனாவால் எழுதுங்கள். பெட்டிக்குள் நிமிர்த்தி வைத்து, காற்றுப் புகாத டப்பாவில் ஈரம் உறிஞ்சும் சிலிக்காப் பொதியோடு வையுங்கள். கணினி தெரிந்த ஒரு பிள்ளையைக் கொண்டு இறுவட்டில் உள்ள முழுக் கோப்புறையையும் அப்படியே வன்தட்டில் பிரதிசெய்யுங்கள். இருபது கசற், ஒன்றுக்கு இரண்டு இறுவட்டு என்று வைத்தாலும் மொத்தம் 190 கிகாபைற்றுக்குள்தான் வரும். சிறிய வெளி வன்தட்டே போதும். வட்ஸ்அப்பில் அனுப்பியதைப் பிரதி என்று எண்ண வேண்டாம். அது படத்தை நசுக்கிச் சிறிதாக்கிவிடும்.

1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறக்குறைய 97,000 நூல்களும் சுவடிகளும் அழிந்தன. அவற்றிற் சிலவற்றுக்கு உலகில் வேறு பிரதியே இருக்கவில்லை. இதிலிருந்து ஒவ்வொரு வீடும் எடுக்க வேண்டிய பாடம் உண்டு. ஆவணக் காப்பாளர்கள் சொல்லும் எளிய கணக்கு மூன்று, இரண்டு, ஒன்று: மூன்று பிரதிகள், இரண்டு வகைப் பொருள்களில், ஒன்று வேறோர் இடத்தில். ஊரில் ஓர் இறுவட்டு, கொழும்பில் ஒரு வன்தட்டு, வெளிநாட்டில் ஓர் உறவினரிடம் இன்னொரு பிரதி. சிதறிப்போன குடும்பங்களுக்கு இந்த ஒரு விடயத்தில் மட்டும் சிதறல் உதவுகிறது. கனடாவுக்கு அனுப்பும் பால் இறுவட்டு அங்குள்ள பல பிளேயர்களில் ஓடாமல் போகலாம், கணினியில் ஓடும் என்பதைச் சொல்லி அனுப்புங்கள்.

மாற்றி முடித்தபின் கசற்றை எறிந்துவிடாதீர்கள். அதுதான் மூலம். நாளை இதைவிட நல்ல கருவியில் இன்னொருமுறை எடுக்க வேண்டி வரலாம்.

பெயர் எழுதுங்கள்

தொழில்நுட்பத்தைவிட அவசரமான வேலை இது. மாற்றிய படத்தை ஊரில் மூத்தவர்களோடு இருந்து பாருங்கள். மணவறைக்குப் பக்கத்தில் நிற்பவர் யார், எந்த வீட்டுப் பிள்ளை, அது யாருடைய முற்றம், எந்தக் கிணற்றடி, அந்த வீடு இப்போது இருக்கிறதா என்று கேட்டு, படத்தில் எத்தனையாவது நிமிடம் என்பதோடு ஒரு கொப்பியில் எழுதுங்கள். நீங்கள் பார்க்கும்போது அவர்கள் சொல்வதைக் கைபேசியில் ஒலிப்பதிவும் செய்யலாம். இன்னும் பத்து ஆண்டுகளில் அந்த முகங்களை அடையாளம் சொல்ல ஆளில்லாமல் போனால், இறுவட்டு இருந்தும் பயனில்லை. கோப்பின் பெயரையும் ஆண்டு, ஊர், நிகழ்வு என்ற ஒழுங்கில் வையுங்கள். ஆண்டு சரியாகத் தெரியாவிட்டால் 'இடப்பெயர்வுக்கு முன்' என்று எழுதினாலும் போதும்.

பார்ப்பது எல்லோருக்கும் எளிதல்ல. பிள்ளையை இழந்த தாய்க்கு அந்தக் குரலைத் திடீரென்று கேட்பது தாங்க முடியாததாக இருக்கலாம். முதலில் நீங்கள் தனியாகப் பார்த்துவிட்டு, என்ன இருக்கிறது என்று சொல்லி, விரும்பினால் மட்டும் காட்டுங்கள். தனியே விட்டுவிடாதீர்கள்.

2017 பெப்ரவரியிலிருந்து காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் வீதியோரங்களில் படங்களை ஏந்தியபடி தொடர்ந்து போராடி வருகின்றனர். இடப்பெயர்வுகளில் எல்லாம் தொலைந்துபோய், பிள்ளையின் ஒரு படம்கூட இல்லாத பெற்றோர் உண்டு. அயல்வீட்டுக் கலியாணக் கசற்றில் அந்தப் பிள்ளை தண்ணீர்ச் செம்போடு நடந்து போயிருக்கக்கூடும். ஓடும் படத்தை நிறுத்தி ஒரு நிழற்படம் எடுப்பது கணினியில் சில செக்கன் வேலை. ஆகவே உங்கள் கசற்றில் அயலவர் இருந்தால் அவர்களின் குடும்பத்துக்குச் சொல்லுங்கள்.

பகிர்வதில் கவனம்

கசற்றில் இருப்பவர்கள் எல்லோரும் உங்கள் குடும்பம் அல்ல. முகநூலிலோ யூரியூப்பிலோ போடும் முன், அதில் இருப்பவர்கள் இப்போது எங்கு, எந்த நிலையில் வாழ்கிறார்கள் என்று யோசியுங்கள். சாமத்தியவீட்டுப் பிள்ளை இன்று பிள்ளைகளின் தாய், அவரிடம் கேட்காமல் பகிரக் கூடாது. போர்க்கால நிகழ்வுகள், சீருடை, கொடி, நினைவுநாள் காட்சிகள் இருந்தால் மேலும் கவனம் வேண்டும். சமூக வலைத்தளப் பதிவுகளுக்காகப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் கைதானவர்கள் இலங்கையில் உண்டு. படத்தில் உள்ள ஒருவர் உயிரோடு ஊரில் இருந்தால், பகிர்வின் விளைவு அவர் வாசலுக்குத்தான் போகும். அதற்காக அழிக்க வேண்டியதில்லை. பகிராமல் பாதுகாக்கலாம்.

கோயில் திருவிழா, பள்ளிக்கூட விழா, நாடகம், ஊர்க் காட்சிகள் போன்ற பொதுவானவை ஊருக்கே உரியவை. 2005 முதல் இயங்கும் நூலகம் நிறுவனம் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் இணையத்தில் ஆவணப்படுத்தி வருகிறது. அதன் 'ஆவணகம்' தளம் ஒளிப்படம், ஒலி, வீடியோ போன்ற பல்லூடக ஆவணங்களுக்கானது. ஊர்ச் சங்கங்களும் பழைய மாணவர் சங்கங்களும் இப்படிப்பட்ட இடங்களோடு பேசி, பொதுக் கசற்றுகளை மாற்றும் செலவைப் பொறுப்பேற்கலாம். ஒரு டெக், ஒரு பதிவுக்கருவி, ஒரு யூபிஎஸ், வேலை தெரிந்த ஓர் இளைஞர். இவ்வளவும் இருந்தால் சரவணையிலேயே ஒரு வாசிகசாலை அறையில் இந்த வேலை நடக்கும்.

பல கசற்றுகள் இருந்தால் எதை முதலில் எடுப்பது என்று ஒரு பட்டியல் போடுங்கள். இறந்தவர், காணாமல் போனவர் இருப்பவை முதலில். வேறு எவரிடமும் பிரதி இல்லாதவை அடுத்து. பழுதாகத் தொடங்கியவை அதற்கடுத்து. வாங்கிய சினிமாக் கசற்றுகளைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம்.